கண் ஒட்டிப்போன மூன்று வாரக் குஞ்சுகள்: பெகு பக்கத்து நிகழ்வு ஆய்வு

குஞ்சுகள் எழுபத்துச் சொச்சம். வயது மூன்றிலிருந்து நான்கு வாரம். நாட்டுக்கோழி, கொஞ்சம் கலப்பும் உண்டு. இடம், பர்மாவில் பெகு ஊருக்குத் தெற்கே வயலோரத்தில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கொல்லை. ஆடி மாத மழை விடாமல் பிடித்திருந்த நேரம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் அது. அந்த மழையில் பாதிக்கு மேல் ஆனி, ஆடி, ஆவணியிலேயே இறங்கிவிடும்.

புகாரைச் சொன்னது வீட்டுக்கார அக்கா. "ஊசிக்காரத் தம்பி வந்து கண்ணுல சொட்டு விட்டாரு. அன்னையிலேர்ந்து நாலு நாள்ல குஞ்சுங்க எல்லாம் கண்ண மூடிக்கிச்சு. மருந்துதான் கண்ண அவிச்சிருச்சு டாக்டர் தம்பி." அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு வீடுகள் இதைக் கேட்டுவிட்டு, இனிமேல் எங்கள் கோழிக்குத் தடுப்பு மருந்தே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தன. அதனால் குஞ்சுகளைப் பிழைக்கவைப்பதோடு வேலை முடியவில்லை. காரணம் எது என்று காட்டவும் வேண்டியிருந்தது.

விட்டது வெள்ளைக்கழிச்சலுக்கான, அதாவது ராணிக்கெட் என்னும் வைரஸ் நோய்க்கான, உயிருள்ள தடுப்பு மருந்து. கோழிக்கு ஒரு சொட்டு, ஒரு கண்ணில். உயிருள்ள மருந்து போட்டபின் மூன்று நாள், ஐந்து நாளில் சில குஞ்சுகளுக்குக் கண் லேசாகச் சிவக்கும், தும்மல் வரும், பிறகு தானாக அடங்கும். இது தெரிந்த விஷயம். ஆகவே அக்கா சொன்னதை உடனே தள்ளிவிட முடியாது. நாள் கணக்கும் பொருந்தியது.

பார்த்தது

இருபத்தைந்து குஞ்சுகளுக்கு மேல் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. தலையைச் சிறகில் தேய்த்துக்கொண்டே இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்து நிழலில் வைத்துக் காத்திருந்தால் இமை கொஞ்சம் விலகும், வெளிச்சம் பட்டதும் திரும்பவும் மூடும். இமையோரம் சிவந்து உப்பி, ரோமம் நனைந்து ஒட்டியிருந்தது. தண்ணீராகத்தான் வடிந்தது, சீழ் அதிகம் இல்லை. மூக்கு சுத்தம். முகம் வீங்கவில்லை. மூச்சில் கரகரப்பு இல்லை.

முக்கியமானது இது: கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இரண்டு கண்ணும் கெட்டிருந்தது. சொட்டு விட்டது ஒரு கண்ணில். மருந்தின் வேலை என்றால் பெரும்பாலும் விட்ட கண்தான் முதலில் கெடவேண்டும், அதுதான் மோசமாகவும் இருக்கவேண்டும். இங்கே இடம் வலம் வித்தியாசமே தெரியவில்லை.

ஃபுளோரசீன் தாள் கையில் இருந்தது. மனிதக் கண் மருத்துவர்கள் வைத்திருக்கும் அதே ஆரஞ்சு நிறத் துண்டு. நுனியை உப்புநீரில் நனைத்துக் கண்ணோரம் தொட்டு, கழுவிவிட்டு, நீல வெளிச்சம் அடித்தால், கருவிழியின் மேல்தோல் எங்கே உரிந்திருக்கிறதோ அங்கே மட்டும் பச்சை ஒட்டி நிற்கும். கண் மூடிய குஞ்சுகளில் பொறுக்கிப் பார்த்த பலவற்றில் விழியின் நடுப்பகுதியில், இமை மூடாத பட்டையில், குறுக்காகப் பச்சை தெரிந்தது. வெளியிலிருந்து எதுவோ கண்ணைச் சுடுகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். கிருமி முதலில் வந்து உட்காரும் இடம் வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் வீட்டுக்கு அடியில் ஒரு பார்வை. பர்மாவில் வயலோர வீடுகள் மரக்காலில்தான் நிற்கும், அடியில் கோழி, விறகு, படகுத் துடுப்பு என்று எல்லாம் கிடக்கும். அங்கே ஒரு தாய்க்கோழி ஒன்பது குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய அதே வயது. அந்த ஒன்பதுக்கும் அதே நாள், அதே குப்பியிலிருந்து சொட்டு விட்டிருக்கிறார்கள். ஒன்பதுக்கும் கண் பளிச்சென்று இருந்தது. தாய் கொத்தவருகிறது, தனியாக அடைக்க முடியவில்லை என்று அதையும் அதன் குஞ்சுகளையும் மட்டும் கொட்டகைக்குள் விடாமல் வைத்திருந்தார்கள். மருந்து குற்றவாளி இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. நோய் வந்த கூட்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள், வராத கூட்டத்தை யாரும் பார்ப்பதில்லை.

கொட்டகை

மூங்கில் தட்டி, மேலே தகரம். சாரல் அடிக்கிறது என்று நாலு பக்கமும் நீலத் தார்ப்பாயைத் தரைவரை இறக்கிக் கல் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு மின்விளக்கு, கரண்ட் போகும் நேரத்துக்கு ஒரு கரி அடுப்பு. கீழே அரிசி மில்லிலிருந்து வந்த உமி. மேலே பார்த்தால் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. காலால் கிளறினால் அடியில் அடை அடையாக ஈரம்.

நின்றபடி மோந்தால் நாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. குத்துக்காலிட்டு, முகத்தைக் குஞ்சின் உயரத்துக்கு இறக்கி இரண்டு மூச்சு இழுத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்காவையும் அப்படிக் குனிந்து பார்க்கச் சொன்னேன். "ஆமா, எரியுது" என்று உடனே எழுந்துவிட்டார். தினமும் உள்ளே போய்வருகிறவருக்கு மூக்கு மரத்துப்போயிருக்கும், அதனால் நின்ற உயரத்தில் அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

அம்மோனியா. கோழி எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தை உமியில் வாழும் பாக்டீரியா உடைக்கும்போது வெளிவருவது. அதற்கு ஈரம் வேண்டும், சூடு வேண்டும். மழையும் மூடிய கொட்டகையும் இரண்டையும் கொடுத்துவிடும். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்குக்குமேல் போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 50, 100 என்று ஏறி நாள்கணக்கில் நின்றால் கண் தாங்காது. கண்ணீரில் கரைந்து காரமாக மாறி, விழியின் மேல்தோலைச் சுடும். காற்றைவிட லேசான வாயுதான், ஆனால் கிளம்புவது தரையிலிருந்து. குஞ்சின் தலை இருப்பதும் அங்கேதான்.

இது மட்டும் என்றால் கண் மெதுவாகக் கெட்டிருக்கும். நாலே நாளில் இத்தனை குஞ்சு ஏன்? மேலே தெரிந்த அந்த வெள்ளையைப் பற்றிக் கேட்டபோது விடை வந்தது. சொட்டு விட வந்த தம்பி போகும்போது, கொட்டகையைச் சுத்தமாக வையுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்காவும் அன்று சாயந்திரமே அரை மூட்டை சுண்ணாம்புத் தூளை ஈர உமியின்மேல் தூவிக் கிளறிவிட்டிருக்கிறார். பிறகு தார்ப்பாயை இறக்கிவிட்டார்.

காலிக் கொட்டகையைக் கழுவிக் காயவைத்துச் சுண்ணாம்பு அடிப்பது நல்ல பழக்கம். எச்சம் கலந்த ஈரப்படுக்கையில், குஞ்சுகள் உள்ளே இருக்கும்போது தூவுவது வேறு கதை. சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றும். கார நிலையில், உமியில் அமோனியமாகக் கட்டுண்டு கிடந்ததெல்லாம் வாயுவாகக் கிளம்பிவிடும். கிருமி சாகட்டும் என்று போட்ட தூள், அடைத்து வைத்திருந்த அம்மோனியாவை மொத்தமாகத் திறந்துவிட்டது. போதாததற்குச் சுண்ணாம்புத் தூசியே கண்ணை அரிக்கக்கூடியது, குஞ்சுகளோ நாள் முழுக்க அதைக் கிளறிக்கொண்டிருப்பவை. சொட்டு மருந்தும் சுண்ணாம்பும் ஒரே நாள். பழி, வெளியாள் கொண்டுவந்த பொருள்மேல் விழுந்தது. மனித சுபாவம்.

கரி அடுப்பையும் விட்டுவிடக் கூடாது. புகை கண்ணை எரிக்கும், மூடிய இடத்தில் கரிப்புகையின் நச்சு வாயு குஞ்சை மட்டுமல்ல, உள்ளே படுத்துறங்கும் ஆளையும் கொல்லும். இரவில் பையன் காவலுக்கு அங்கேதான் படுக்கிறான் என்று கேட்டதும், கண் சமாசாரத்தை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் பேசினேன்.

வேறு எதுவாக இருந்திருக்கலாம்

அம்மை என்பது பாட்டியின் கருத்து. மழைக்காலம், கொசுக்காலம், கொசு பரப்பும் நோய்தான், ஆக நியாயமான சந்தேகம். ஆனால் கோழி அம்மையில் இமையிலும் கொண்டையிலும் அலகோரத்திலும் முடிச்சு முடிச்சாகப் பொருக்குத் தட்டும். இங்கே ஒரு பொருக்கும் இல்லை. கொரைசா என்ற பாக்டீரியா சளி நோய் என்றால் முகம் ஒருபக்கமாக உப்பி, மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி வரும், அதுவும் வளர்ந்த கோழிகளில்தான் அதிகம். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமியால் வரும் மூச்சு நோயில் கண்ணோரம் சோப்பு நுரை மாதிரி குமிழி, கூடவே மூச்சில் கரகரப்பு. வெள்ளைக்கழிச்சலே வந்திருந்தால் கண்ணோடு நிற்காது: பச்சையாகக் கழியும், கழுத்து முறுக்கும், கொத்துக் கொத்தாகச் சாகும். அப்படிச் சாவு வந்தால் வைத்தியத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கால்நடைத் துறைக்குச் சொல்லவேண்டும். 2006-இல் மாண்டலே, சகாயிங் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்த நாடு இது.

பூஞ்சைதான் என்னைக் கொஞ்சம் யோசிக்கவைத்தது. ஈர உமி, பூசணம், சின்னக் குஞ்சு: நுரையீரலைத் தாக்கும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அதில் மூன்றாவது இமைக்கு (பறவைகளின் கண்ணுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய இமை) அடியில் மஞ்சளாகப் பாலாடைக் கட்டி போல ஒன்று உருளும், பெரும்பாலும் ஒரு கண்ணில். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இந்தக் கூட்டத்திலும் ஆறேழு குஞ்சுகளுக்கு இமைக்கடியில் அப்படி வெளிறிய கட்டி இருந்தது. ஆனால் இரண்டு கண்ணிலும், மூச்சு வாங்கல் இல்லாமல். அது என்ன என்று செத்த குஞ்சு சொன்னது.

அறுத்துப் பார்த்தது

அன்று காலை செத்தவற்றில் இரண்டை எடுத்து வைத்திருந்தார்கள். நுரையீரல் இளஞ்சிவப்பாக, முடிச்சு எதுவும் இல்லாமல் இருந்தது. பூஞ்சை அத்துடன் பட்டியலிலிருந்து போனது. தீனிப்பை காலி. அரைவைப்பையில் உமி மட்டும். அதாவது குஞ்சுகள் கண் நோயால் சாகவில்லை, பசியால் செத்திருக்கின்றன. கண் தெரியாத குஞ்சுக்குத் தீனித் தட்டு ஒரு முழம் தள்ளி இருந்தாலும் இல்லாததுதான். தண்ணீரும் அப்படியே.

ஒரு குஞ்சின் தொண்டையை நீளவாக்கில் வெட்டித் திறந்தபோது உள்சவ்வில் குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள், வரிசையாக. நகத்தால் நிமிண்டினால் உதிர்ந்து வந்தன, ரத்தம் வரவில்லை. அம்மையின் தொண்டைப் படலத்தை உரித்தால் கீழே புண்ணாகி ரத்தம் கசியும். இது அதுவல்ல, வைட்டமின் ஏ குறைவு. சிறுநீரகத்தில் வெள்ளை உப்பும் படிந்திருந்தது. புத்தகத்தில் இதையும் வைட்டமின் ஏ குறைவுக்கு அடையாளமாகச் சொல்வார்கள். ஆனால் தண்ணீர் குடிக்காமல் செத்த குஞ்சிலும் அப்படியே படியும், ஆகவே அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

தீனி என்ன என்று கேட்டால் குருணையும் தவிடும். சுற்றிலும் அரிசி மில். மழைக்காலத்தில் கோழிக்குக் கிடைக்கும் மலிவான தீனி அதுதான். மஞ்சள் சோளத்தில், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் உண்டு, வெள்ளை அரிசியில் இல்லை. வெயில் காலத்தில் கோழிகள் புல்லும் கீரையும் கொத்திச் சமாளித்துவிடும். அந்த ஆண்டு தண்ணீர் ஏறியதால் முட்டையிட்ட தாய்க்கோழிகளையும் வாரக்கணக்கில் அடைத்தே வைத்திருக்கிறார்கள். தாய்க்கே இல்லாதபோது மஞ்சள்கருவில் எங்கிருந்து வரும்? நல்ல தாயின் குஞ்சுக்கு இந்தக் குறை தெரிய ஆறேழு வாரம் ஆகலாம். வறண்ட தாயின் குஞ்சுக்கு முதல் சில வாரங்களிலேயே தெரியும்.

இந்தக் குறை கண்ணில் செய்வது என்னவென்றால், ஈரமாக இருக்கவேண்டிய சவ்வைத் தோல் மாதிரி தடிக்கவைக்கிறது. கண்ணீர்க் குழாய் அடைகிறது. உதிரும் செல்கள் வெளியே போக வழியில்லாமல் இமைக்கடியில் கட்டியாகின்றன. அப்படிப்பட்ட கண்ணில் அம்மோனியாவும் பட்டால் தாங்குமா? கொட்டகையில் இருந்த எல்லாக் குஞ்சும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தன. சிலவற்றுக்கு லேசாகச் சிவந்ததும் சிலவற்றுக்கு விழியே வெந்ததும் ஏன் என்பதற்கு என் கணிப்பு இதுதான்: எந்தத் தாயின் முட்டை என்பதில் வித்தியாசம்.

செய்த வைத்தியம்

முதலில் குஞ்சுகளை வெளியேற்றினோம். வீட்டுக்கு அடியில் மேடான இடத்தில் மூங்கில் தட்டியால் வளைத்து, காய்ந்த உமியைக் கொட்டி அங்கே விட்டோம். குளிருமே என்று அக்கா தயங்கினார். முதல் வாரத்துக் குஞ்சுக்கு 32-லிருந்து 35 டிகிரி சூடு வேண்டும், உண்மை. வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் மூன்று வாரக் குஞ்சுக்கு 26, 27 போதும். ஆடி மாதத்துப் பெகுவில் பகலில் 29, 30 இருக்கும். பகலில் மூடிவைக்கத் தேவையே இல்லை. இரவுக்கு விளக்கு, சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தார்ப்பாய், அதுவும் மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு.

அடுத்தது தீனி. கண் திறக்காதவற்றைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் குடிக்கவைத்து, நனைத்த தீனியைச் சிறு உருண்டையாக ஊட்டச் சொன்னேன். நாளுக்கு நாலைந்து முறை. வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டன. மருந்தெல்லாம் விட இந்த ஒன்றுதான் அதிகம் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். மறுநாளிலிருந்து சாவு நின்றது.

கண்ணுக்கு உப்புநீர். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. பஞ்சால் நனைத்து ஒட்டியதை ஊறவைத்துத்தான் இமையைத் திறக்கவேண்டும், இழுத்துப் பிரிக்கக் கூடாது. அதன்பிறகு டெட்ராசைக்ளின் கண் களிம்பு, ஒரு அரிசி அளவு, காலையும் மாலையும். புண்பட்ட விழியில் கிருமி ஏறாமலிருக்க அது. தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கக் காரணமும் இல்லை.

இதற்குமுன் வீட்டில் என்னென்ன போட்டார்கள் என்று கேட்டால் பெரிய பட்டியல் வந்தது. மருமகளின் தாய்ப்பால், மஞ்சள் தண்ணீர், இமையைச் சுற்றித் தனக்கா, அதாவது பர்மாக்காரர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைக் குழம்பு. தாய்ப்பாலால் பெரிய கெடுதல் இல்லை, உலர்ந்த கண்ணை நனைக்கவாவது செய்திருக்கும். தனக்கா காய்ந்து பொடியாகி உள்ளே விழும், அது வேண்டாம். கவலைப்படவைத்தது கடையில் வாங்கிய மனிதர்களுக்கான சொட்டு மருந்து. ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சேர்ந்தது. சிவப்பை உடனே குறைத்துக் காட்டும், அதனால் வேலை செய்கிறது என்று தோன்றும். ஆனால் விழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆறாது, ஆழமாகும். அதை நிறுத்தச் சொன்னேன். குளோராம்ஃபெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக் சொட்டும் ஒரு குப்பி இருந்தது. இறைச்சிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் உயிர்களுக்கு அந்த மருந்தைப் பல நாடுகள் தடைசெய்திருக்கின்றன, உண்பவரின் ரத்த உற்பத்தியையே பாதிக்கக்கூடியது என்பதால். சின்னக் குஞ்சுதானே என்று விட்டுவிடக்கூடாது.

வைட்டமின் ஏ, டி3, ஈ சேர்ந்த கரைசலைக் குடிநீரில் கொடுத்தோம். தினமும் காலையில் புதிதாகக் கலக்கவேண்டும், வெயிலில் வைத்தால் வீணாகிவிடும். தீனியில் கிலோவுக்குச் சுமார் 10,000 சர்வதேச அலகு (IU) வைட்டமின் ஏ வருமாறு இரண்டு வாரம் கொடுப்பது வழக்கமான அளவு. அதற்குமேல் நல்லெண்ணத்தில் அள்ளிக்கொட்டினால் அதுவே நஞ்சு, எலும்பைக் கெடுக்கும். குருணையில் பாதியைக் குறைத்துக் கடையில் விற்கும் குஞ்சுத் தீனியைக் கலந்தார்கள். வேலியோரத்தில் நின்ற முருங்கையிலிருந்து கீரை உருவிப் பொடியாக நறுக்கிப் போட்டார்கள். கண் தெரிந்தவை அதன்மேல் விழுந்து பிடுங்கின.

பலன்

லேசாகச் சிவந்தவை இரண்டு மூன்று நாளில் கண் திறந்தன. விழி உரிந்தவற்றில் பெரும்பாலானவை ஒரு வாரம், பத்து நாளில் தேறின. இமைக்கடியில் கட்டி இருந்தவைதான் இழுத்தன. ஊறவைத்து, ஈரப்பஞ்சால் ஓரத்திலிருந்து உருட்டினால் கட்டி முழுதாக வந்துவிடும். ஆனால் வைட்டமின் உடம்பில் ஏறும்வரை சிலவற்றில் திரும்பவும் சேர்ந்தது. அவசரப்பட்டுத் தினமும் நோண்டினால் சவ்வு கிழியும், அதனால் இடைவெளி விட்டுச் செய்யச் சொன்னேன். இரண்டு குஞ்சுகளுக்கு விழி வெள்ளையாகத் தழும்பேறி நின்றுவிட்டது. ஒன்றுக்கு ஒரு கண்தான். அது மற்றவற்றோடு சண்டைபோட்டே தின்று வளர்ந்தது. இரண்டு கண்ணும் போனதைத் தனியே, தட்டும் தண்ணீரும் இடம் மாற்றாமல் வளர்க்கலாம் என்றேன். பாட்டி வேண்டாம் என்றார். மருந்து போட்ட குஞ்சு, குறைந்தது சில வாரமாவது குழம்புக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

தடுப்பு மருந்துப் பேச்சுக்கு அந்த ஒன்பது குஞ்சுகளே போதுமானதாக இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்களைத் தாய்க்கோழியிடம் கூட்டிப்போய், இதுகளுக்கும் அதே சொட்டுதான் என்று அக்காவே சொன்னார். ஒரு வீட்டார் சம்மதித்தார்கள். இன்னொருவர், பார்க்கலாம் என்றார்.

கொட்டகை உமி முழுவதையும் அள்ளி வயலுக்கு எருவாகக் கொண்டுபோனார்கள். தரையை ஒரு சாண் உயர்த்தி, காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்து, அதுவும் உலர்ந்தபிறகு நாலு விரல் கனத்துக்குப் புது உமி. தண்ணீர்ப் பாத்திரம் இப்போது செங்கல்மேல் சல்லடைத் தட்டின் மீது நிற்கிறது, சிந்துவது உமியில் இறங்காது. தினம் காலையில் உமியைக் கிளறுவது பையனின் வேலை. அவன் படுக்கை வீட்டுக்குள் மாறிவிட்டது. தார்ப்பாயின் மேல் இடைவெளியை மட்டும் அக்கா மழை வலுக்கும் இரவுகளில் இன்னும் அடைத்துவிடுகிறார். விடிந்ததும் முதல் வேலையாகத் திறந்துவிடுவதாகச் சொல்கிறார்.